குழி இருக்கிறது, அதில் மழை இறங்குகிறதா?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மழைநீர் சேகரிப்பு அமைப்புகளைச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். போகிற இடமெல்லாம் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி எங்கே என்று கேட்டால் பல இடங்களில் அசோசியேஷன் செயலாளருக்கே தெரிவதில்லை. கார் நிறுத்தும் இடத்துக்கு டைல்ஸ் ஒட்டியபோது மூடி அதற்கடியில் போயிருக்கும், இல்லையென்றால் குழி முழுக்க வண்டல் மண்டிக் கிடக்கும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கினார்கள், நாமும் தோண்டினோம், ஆனால் அதைப் பராமரிக்க வேண்டும் என்பதை மறந்தே போனோம்.

2015 டிசம்பரில் மூழ்கிய சென்னைக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இங்கே ஆண்டு சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு வருடத்தில் விழுவது ஏறக்குறைய 1,30,000 லிட்டர். வீணாவது போக லட்சம் லிட்டர் கிடைத்தாலும் 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு! அதைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, நெம்மேலி ஆலையில் மின்சாரம் செலவழித்து அதே கடல்நீரில் உப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். கடல்நீர் ஆலை வேண்டாம் என்று சொல்லவில்லை, வறட்சியில் அது தேவை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது இன்னும் நல்ல வேலை, குடிநீர் அந்த அளவுக்கு மிச்சமாகிறது. ஆனால் நம் கையில் இருப்பது மாடித் தண்ணீர்தான்.

எல்லா இடத்துக்கும் ஒரே குழி என்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பெசன்ட் நகர் போன்ற மணல் பகுதியில் சாதாரண உறிஞ்சுகுழியே போதும். அண்ணா நகர், கொளத்தூர் பக்கம் களிமண், அங்கே ஆழமில்லாத குழியில் தண்ணீர் இறங்காமல் நின்று கொசுதான் வளரும், களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரும் வரை துளை போட்டுத் தண்ணீரை விட வேண்டும். கிண்டி, வேளச்சேரியில் கீழே பாறை இருப்பதால் முதலில் சம்ப்பில் பிடித்துப் புழங்கிவிட்டு மீதியை மண்ணுக்கு விடுவது நல்லது. மயிலாப்பூர் மாதிரி பழைய பகுதிகளில் கிணறு இருந்தால் தயவுசெய்து மூடாதீர்கள், சின்ன வடிகட்டித் தொட்டி கட்டி மாடிக் குழாயை அதில் திருப்பிவிட்டாலே போதும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள், குழியின் மேல் மணலை மாற்றி ஜல்லியை எடுத்து அலசிப் போடுங்கள். முதல் மழையைத் தெருவுக்கு விட்டுவிட்டு அப்புறம் குழிக்குத் திருப்புங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரோ கழிவுநீரோ இதில் சேரவே கூடாது, சேர்ந்தால் பக்கத்து வீட்டு போர்வெல்லும் சேர்ந்து கெடும். மாடியில் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கீழே ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள். குழியில் விழவில்லை என்றால் குழாய் நடுவில் எங்கோ தெருவுக்குத் திரும்பியிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது, மழை தொடங்கும் முன்பே பிளம்பரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடுங்கள்.