இமைக் கட்டி: மில்லிமீட்டரில் தெரியும் முன்கணிப்பு

இமையில் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்ததும் உடன் வந்தவர்கள் முதலில் கேட்பது, "எத்தனாவது ஸ்டேஜ் டாக்டர்?" அதற்கு விடை சொல்லும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறேன்: உயிருக்கு என்ன ஆபத்து, கண்ணுக்கு என்ன ஆபத்து.

ஸ்டேஜைக் கணிக்க அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழு வெளியிட்ட கையேட்டின் எட்டாம் பதிப்பு 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'டி' என்பது இமையில் உள்ள கட்டியின் அளவையும் பரவலையும் குறிக்கும். கட்டி 10 மி.மீ. வரை இருந்தால் டி1, 20 வரை டி2, 30 வரை டி3. இமை விளிம்பையோ, இமைக்கு விறைப்பு தரும் டார்சல் தகட்டையோ அரித்திருக்கிறதா, முழுத் தடிமனுக்கும் பரவியிருக்கிறதா என்று உட்பிரிவுகள் உண்டு. கண்கோளத்துக்கோ கண்குழிக்கோ போய்விட்டால், அளவு எதுவானாலும் டி4.

காதுக்கு முன்னாலோ தாடைக்குக் கீழோ உள்ள நெறிக்கு, அதாவது நிணநீர்க் கணுவுக்கு, புற்றணு போயிருந்தால், இமையில் இருப்பது மிளகளவுதான் என்றாலும் அது மூன்றாம் நிலை (ஸ்டேஜ்). கண்ணையே எடுக்க வேண்டிய டி4 கட்டி, நெறிக்கும் வேறு உறுப்புக்கும் பரவாதவரை, இரண்டாம் நிலைதான். நிலையின் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் இந்த வேறுபாடு தெரியாது.

கண்ணைப் பொறுத்தவரை அந்த 10 மி.மீ. பெரிய விஷயம். நம் இமையின் நீளமே ஏறக்குறைய 30 மி.மீ. வெட்டியெடுக்கும் பகுதி அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் பெரும்பாலும் இரு முனைகளையும் நேராக இழுத்துத் தைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் பக்கத்துத் தோலையோ எதிர் இமையின் திசுவையோ கொண்டு புது இமை கட்ட வேண்டும்.

புற்றின் வகையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. கீழ் இமையில் அதிகம் வரும் பேசல் செல் புற்று அருகே அரித்துக்கொண்டே போகும். நெறிக்குப் போவது மிக அரிது. மேலைநாடுகளில் பெரும்பாலும் இதுதான். நம் நாட்டில் செபேசியஸ் சுரப்பிப் புற்றையும் நிறையப் பார்க்கிறோம். எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமுள்ள மேல் இமையில்தான் இது கூடுதலாக வரும், நெறிக்கும் பரவும். கட்டி பெரிதாகப் பெரிதாக அந்த வாய்ப்பு ஏறுகிறது.

இந்த வகை கண்கட்டி போலவே தோன்றும். நாமக்கட்டி உரசிப் போட்டு, சொட்டு மருந்து விட்டு, ஒருமுறை கீறி எடுத்து, மறுபடி அதே இடத்தில் வந்தபின் வருகிறவர்கள் உண்டு. அதற்குள் மாதங்கள் போய்விடுகின்றன. டி1-இல் பிடித்திருக்க வேண்டியது தாண்டிவிடுகிறது. நடுவயதைக் கடந்தவருக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்தாலோ, ஒரு கண் மட்டும் மருந்துக்கு அடங்காமல் சிவந்தே இருந்தாலோ பயாப்ஸி கேளுங்கள். கீறி எடுத்த திசுவைக் குப்பையில் போட விடாதீர்கள். நோயியல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அறுவை முடிந்து தையல் ஆறியபின்னும் சில ஆண்டுகளுக்கு மறுபரிசோதனைக்கு வர வேண்டும். வரும்போதெல்லாம் இமையைப் புரட்டிப் பார்ப்பதோடு, காதுக்கு முன்னும் தாடைக்குக் கீழும் தொட்டுப் பார்ப்போம். மருத்துவர் மறந்தால் நீங்கள் நினைவூட்டலாம்.