'நீ' ஏன் 'நே' ஆனது?

நல்லூரில் எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பதி. மனைவி கவிதை எழுதுவார், கணவர் மெட்டுப் போடுவார். அண்மையில் இருவருக்கும் ஒரு சொல்லால் வழக்கு.

'கிணற்றடி வாழையைப் போல நீ' என்பது வரி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றடுத்த எழுத்துக்கும் இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். 'ழை' சொல்லின் நடுவில் குறுகி ஒன்றாகிவிடும். கிணற்றடி ஐந்து, வாழையைப் ஐந்து, போல நீ ஐந்து. மனைவி எண்ணி எழுதவில்லை, காதுக்குப் பட்டபடி எழுதினார். 'தகதகிட' என்று ஐந்தைந்தாய் நடக்கும் கண்ட நடை வரிக்குள்ளேயே இருந்தது. மெட்டில் வரிக்கு நான்கு ஐந்து; நான்காவது ஐந்துக்குச் சொல் இல்லை. ஆகவே 'நீ'யைத்தான் இழுக்க வேண்டும். கணவர் அதை மேல் ஸ்தாயி காந்தாரத்தில், அதாவது உயரத்தில் வரும் 'க' சுரத்தில், நிறுத்தினார். மாணவி பாடினாள். 'நே' என்று கேட்டது.

பிள்ளையின் உச்சரிப்பில் பிழை இல்லை. குடத்தில் தண்ணீர் ஊற்றும்போது உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய ஓசை உயருமல்லவா? வாயும் அப்படித்தான், நாக்கும் தாடையும் அசைய, உள்ளிருக்கும் இடத்தின் வடிவம் மாறுகிறது. குரல் நாண் தரும் ஒலியில் அடிப்படை அதிர்வும் அதன் மடங்குகளும் இருக்கும். அவற்றில் சிலதை வாய் தூக்கிக் கொடுக்கும். எதைத் தூக்குகிறது என்பதை வைத்துத்தான் நாம் 'ஈ'யா 'ஆ'வா என்று அறிகிறோம். பெண் குரலில் 'ஈ'க்கு முதல் தூக்கல் செக்கனுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 அதிர்வில் விழும், 'ஆ'வுக்கு 800ஐ ஒட்டி.

அவள் பாடும் சுருதி ஐந்து கட்டை. அதில் அடிப்படைச் சுரமான சட்ஜம் 196 அதிர்வு, மேல் காந்தாரம் 490. அந்தச் சுரத்தைப் பாடும்போது குரலில் 490க்குக் கீழே ஒலியே இல்லை. 'ஈ' தூக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. குரல் எடுபடப் பாடகி தாடையையும் திறப்பாள். 'ஈ' இன்னும் நழுவிவிடும்.

"இஞ்ச பாரும், அந்த 'நீ'யை மாத்தித் தாரும்" என்றார் கணவர்.

"கருத்துப் போயிடுமெல்லோ! நீங்கள் மெட்டை மாத்துங்கோ."

மனைவி சரியாகத்தான் சொன்னார் என்பேன். இப்போது 'வாழை'யின் 'வா' காந்தாரத்துக்கு ஏறுகிறது. 'நீ' கீழே சட்ஜத்தில் ஆறுகிறது. இரண்டும் தெளிவு. 'வாழையைப் போல' என்னும் இடத்தில் உதடு மூடி, இழைந்து வரும் குரலை வெட்டுகிறதே, வழக்கு இப்போது அந்தப் 'ப்'பில் நிற்கிறது.