முகம் தெரிகிறது, பிபிடி மட்டும் ஏன் போகவில்லை?

விசி (வீடியோ கான்ஃபரன்ஸ்) அறைகளைப் பராமரிக்கும் எங்களுக்கு அடிக்கடி வரும் புகார் "கால் கனெக்ட் ஆகவில்லை" என்பதல்ல. "ஆள் தெரிகிறார், பேச்சு கேட்கிறது, பிபிடி மட்டும் போகவில்லை" என்பதுதான். அதுவும் பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்து "ஸ்லைடைப் போடுங்க" என்று சொன்ன பிறகே வெளியே வரும். காலையில் டெஸ்ட் செய்தவர் இரு பக்கமும் கையசைத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே சார்" என்று போயிருப்பார்.

விசி அறைக் கருவிகளில் நீங்கள் பகிரும் திரை, கேமரா படத்தோடு சேர்ந்து போவதில்லை. அது தனி வீடியோ. அதற்குத் தனி போர்ட் (நெட்வொர்க்கில் தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்) வேண்டும், பேண்ட்வித்தில் (லைன் தாங்கும் அளவில்) தனிப் பங்கு வேண்டும், பகிர்வதற்கு அனுமதியும் வேண்டும். விசி அழைப்பை இணைக்கும் நெறிமுறைகள் எச்.323, எஸ்ஐபி என இரண்டு. எச்.323 கருவிகளில் திரைப் பகிர்வைக் கவனிப்பது 2003-இல் வந்த எச்.239 நெறிமுறை. எஸ்ஐபி கருவிகளில் யார் பகிரலாம் என்பதை பிஎஃப்சிபி என்ற நெறிமுறை முடிவு செய்கிறது. பட்டிமன்ற மேடையில் ஒரே மைக் கைமாறுவதுபோல, டோக்கன் (பகிரும் முறை) யாரிடம் இருக்கிறதோ அவர் திரைதான் எல்லோருக்கும் போகும்.

போர்ட் கணக்குக்கு வருவோம். டிசிபி என்பது போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்து அனுப்பும் முறை, யுடிபி அதைப் பார்க்காமல் வேகமாக அனுப்பும் முறை. எச்.323 அழைப்பு டிசிபி 1720-இல் தொடங்கும். அப்புறம் இரு கருவிகளும் ஒத்துப்போக நடத்தும் எச்.245 பேச்சுவார்த்தைக்கு இன்னொரு டிசிபி போர்ட். ஒலி, கேமரா படம், எதிர்முனைக் கேமராவைத் திருப்பும் கட்டளை, பகிரும் திரை ஆகிய நான்குக்கும் யுடிபியில் தலா இரண்டு: இரட்டைப்படை எண் ஆர்டிபிக்கு (தரவு), அடுத்த ஒற்றைப்படை எண் ஆர்டிசிபிக்கு (அது எப்படிப் போகிறது என்ற தகவல்). ஆக ஓர் அழைப்புக்கு யுடிபி மட்டுமே 8.

ஒரு கிளை அலுவலகத்தில், நெட்வொர்க்கின் காவலான ஃபயர்வாலில் யுடிபி 3230 முதல் 3235 வரை ஆறு மட்டும் திறந்திருந்தார்கள். ஒலியும் படமும் முதல் நான்கை எடுத்துக்கொண்டன, கேமராக் கட்டளை அடுத்த இரண்டை. திரைக்கான சேனல் கடைசியில், யாராவது பகிரும்போதுதான் திறக்கும். அனுப்புபவர் திரையில் "பகிரப்படுகிறது" என்றே காட்டியது. டோக்கன் பேச்சு டிசிபி வழியே சரியாக நடந்து முடிந்ததே! எதிர்முனையில் வெறும் கறுப்புக் கட்டம். ஃபயர்வால் லாகைத் திறந்தால் 3236-க்கு வந்த பாக்கெட்டுகள் வரிசையாகத் தடுக்கப்பட்டிருந்தன. கேபிளை மாற்று, லேப்டாப்பை மாற்று என்று இரண்டு வாரம் ஓட்டியிருந்தார்கள், பாவம்.

இரண்டு போர்ட் சேர்த்துத் திறந்தால் அன்றைய பிரச்சினை தீரும். ஆனால் கருவியிலேயே பல இடங்களை ஒரே கூட்டத்தில் இணைக்கும் எம்சியூ இருந்து, நான்கு இடங்களை அதுவே இணைத்தால், வெளியே இருக்கும் மூன்று முனைகளுக்கும் தலா 8 என்று 24 வேண்டும். முதலிலேயே இதைக் கணக்கிட்டு, கருவியில் ஒரு வரம்பை நிலைநிறுத்தி, அதே வரம்பை ஃபயர்வாலில் கேளுங்கள்.

இந்த இடத்தில் சலித்துப்போய்ச் சிலர் எல்லா போர்ட்டையும் திறந்துவிடுகிறார்கள், அல்லது கோடெக்குக்கு (விசி கருவிக்கு) இணையத்திலிருந்து யாரும் எட்டக்கூடிய பப்ளிக் ஐபியை நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2012 ஜனவரியில் ரேபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எச்.டி. மூர் இணையத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் ஸ்கேன் செய்து, தானாகவே அழைப்பை ஏற்கும் ஏறத்தாழ 5,000 கான்ஃபரன்ஸ் அறைகளைக் கண்டுபிடித்தார். வக்கீல் அலுவலகம், மருத்துவமனை எல்லாம் அதில் இருந்தன. யாரும் அழைத்து உள்ளே நடப்பதைப் பார்த்திருக்கலாம். இன்றும் எஸ்ஐபி அழைப்புக்கான 5060 போர்ட்டை வெளியே காட்டினால், நள்ளிரவில் "100" என்ற பெயரில் பேய் அழைப்புகள் வரும். ஆட்டோ ஆன்சரை (தானாக அழைப்பை ஏற்பதை) அணையுங்கள். வெளித்தொடர்புக்கு எச்.460.18, எச்.460.19 ஏற்கும் டிராவர்சல் சர்வர் (ஃபயர்வாலைத் தாண்டி அழைப்பை இணைத்துவைக்கும் சர்வர்) வழியே போங்கள். இணைப்பு உள்ளிருந்து வெளியே தொடங்குவதால், வெளியிலிருந்து உள்ளே வரும் போர்ட்டைத் திறக்கத் தேவையில்லை.

இன்னொரு வகைக் கோளாறு ஆளைச் சுற்றலில் விடும். முதல் பத்து நிமிடத்தில் ஷேர் போகும், ஒன்றரை மணி நேரம் கழித்துப் போகாது. பேச்சும் படமும் யுடிபியில் ஓடிக்கொண்டே இருக்க, கட்டுப்பாட்டு டிசிபி இணைப்பு சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் இணைப்பை ஒரு மணி நேரத்தில் வெட்டும்படி பல ஃபயர்வால்கள் அமைக்கப்பட்டிருக்கும். வெட்டிய பிறகு டோக்கன் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்த டைம்அவுட்டைக் கூட்டுங்கள், கருவியில் கீப்அலைவ் (இணைப்பு சும்மா கிடக்காமல் அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும் வசதி) இருந்தால் போட்டுவையுங்கள். ஃபயர்வாலின் எச்.323, எஸ்ஐபி ஏஎல்ஜியையும் (அழைப்புப் பாக்கெட்டுகளைப் படித்துத் திருத்தும் வசதி) ஒருமுறை அணைத்துப் பாருங்கள். உதவ வந்து கெடுப்பதில் அதற்கு நிகர் இல்லை.

டீம்ஸ், ஜூம் வந்த பிறகு இந்தக் கவலை இல்லை என்பார்கள். பாதிதான் உண்மை. டீம்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் வரம்பிலேயே ஒலிக்கு 50000–50019, வீடியோவுக்கு 50020–50039, திரைப் பகிர்வுக்கு 50040–50059 என்று தனித்தனியாக இருக்கிறது. இவை உங்கள் கணினிப் பக்கத்து எண்கள். வெளியே யுடிபி 3478–3481 திறந்திருக்க வேண்டும். ஜூமுக்கு யுடிபி 8801–8810. இவற்றை மூடிவைத்தால் எல்லாம் டிசிபி 443 வழியே நெருக்கியடித்துப் போகும். "443 போதுமே" என்று நெட்வொர்க் டீம் சொல்வது பொய்யில்லை, அழைப்பு இணையத்தான் செய்யும். ஆனால் லைன் கொஞ்சம் தடுமாறினாலும் ஸ்லைடு மாற நேரமாகும், எழுத்து கலங்கும்.

அனுமதி விஷயம் எளிது: பகிரும் உரிமையை ஹோஸ்டுக்கு மட்டும் வையுங்கள், தேவைப்படுபவருக்குக் கூட்டத்தின்போது கொடுங்கள். 2020 மார்ச்சில் ஜூம் வகுப்புகளில் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படம் காட்டியபோது, பல இடங்களில் யார் வேண்டுமானாலும் பகிரலாம் என்றுதான் இருந்தது.

டெஸ்ட் செய்யும்போது இரு பக்கத்திலிருந்தும் பகிர்ந்து பாருங்கள். ஒருமுறை தொடக்கத்தில், ஒருமுறை ஒரு மணி நேரம் தாண்டி. பெரிய எழுத்து ஸ்லைடு வேண்டாம், பொடி எண்கள் நிறைந்த எக்செல் தாளைத் திறங்கள். எதிர்முனையில் இருப்பவரிடம் "தெரிகிறதா" என்று கேட்காதீர்கள், ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்.