எஃப் ஹோல் இருந்தா ஜாஸ் கிட்டாரா? செமி ஹாலோ வாங்குறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாருங்க

கிட்டார் செட்டப், ரிப்பேர் இதுதான் என் பொழப்பு. வாங்கின சூடு கூட ஆறாத செமி ஹாலோவ (உள்ள பாதி மட்டும் கூடா இருக்கற எலக்ட்ரிக் கிட்டார்) தூக்கிட்டு வந்து "இதுல ஜாஸ் சவுண்டே வரமாட்டேங்குது, பிக்கப் மாத்திடலாமா"ன்னு கேக்குறவங்க நிறைய பேர். எடுத்துப் பாத்தா பெரும்பாலும் கிட்டார் மேல ஒரு குறையும் இருக்காது. அவங்க மனசுல ஓடிட்டு இருக்கறது முழு ஹாலோ ஆர்ச்டாப்போட (உள்ள முழுக்க கூடா, மேல்பலகை வளைவா இருக்கற கிட்டார்) சவுண்டு, கையில இருக்கறது வேற ஜாதி கிட்டார், ரெண்டுலயும் எஃப் ஹோல் (மேல்பலகையில f வடிவத்துல வெட்டின ஓட்டை) இருக்கறதால ஒண்ணுன்னு நெனச்சு வாங்கியிருப்பாங்க. காசு போனப்புறம் விளக்குறத விட முன்னாடியே எழுதிடலாம்னுதான் இது.

1949ல வந்த கிப்சன் ஈஎஸ்-175 முழு ஹாலோ. உள்ள வெறும் காத்துதான், பாடி ஆழமே கிட்டத்தட்ட 86 மில்லிமீட்டர். ஜோ பாஸ், ஜிம் ஹால் கையில நாம கேட்டு மயங்குன அந்த குண்டான, 'டொக்'னு ஆரம்பிச்சு சீக்கிரமே அடங்கிடற நோட்டு இந்த மாதிரி கிட்டார்ல வர்றது. 1958ல வந்த ஈஎஸ்-335 வேற கதை. பாடி 45 மில்லிமீட்டர் பக்கம் ஒல்லியாச்சு, நடுவுல கழுத்துலேர்ந்து வால் வரைக்கும் ஒரு கெட்டியான மேப்பிள் கட்டைய வெச்சாங்க, ரெண்டு பக்கமும் றெக்கை மட்டும்தான் ஹாலோ. இந்த சென்டர் பிளாக்தான் செமி ஹாலோவோட உயிர். ஸ்ட்ரிங்க தாங்கற பிரிட்ஜும், அதிர்வ எடுத்து ஆம்புக்கு அனுப்பற பிக்கப்பும் அது மேலதான் உக்காந்திருக்கு, அதனால நோட்டு நீண்டு நிக்கும், அடிக்கிற அடி கொஞ்சம் இறுக்கமா கேக்கும், சுருக்கமா சொன்னா முழுக்க கட்டையா இருக்கற சாலிட் பாடிக்கு பக்கத்து வீடு.

அப்ப ஜாஸுக்கு ஆகாதான்னு கேக்காதீங்க, ஜான் ஸ்கோஃபீல்ட் 80கள்லேர்ந்து ஐபனெஸ் ஏஎஸ்-200ன்னு ஒரு செமி ஹாலோவ வெச்சுக்கிட்டுதான் பேர் வாங்கினாரு. லீட் வாசிக்கும்போது ஹார்ன் மாதிரி நோட்ட இழுத்துப் பிடிக்கணும்னா இதுக்கு மேல சவுகரியம் கிடையாது. ஆனா கார்ட் கம்பிங் (அடுத்தவங்க வாசிக்கும்போது பின்னணியா கார்ட் அடிக்கறது) பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ஹாலோல கார்ட் தானா அடங்கி அடுத்ததுக்கு வழி விடும், இதுல அடங்காது, இடது கை விரல கொஞ்சம் தூக்கி நீங்கதான் அடக்கணும், இல்லன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கொழகொழன்னு ஆயிடும். இது பழக்கத்துல வர்றது, பிக்கப் மாத்தி வராது.

ஹாலோல இருக்கற பெரிய தலைவலி ஃபீட்பேக். ஆம்ப்லேர்ந்து வர்ற சத்தம் மேல்பலகைய ஆட்டும், பலகை ஸ்ட்ரிங்க ஆட்டும், பிக்கப் அத எடுத்து திரும்ப ஆம்புக்கே அனுப்பும், அந்த சுத்து நிக்காம ஓடும், அதுலயும் தடி ஸ்ட்ரிங்ல ஏதோ ஒண்ணு ரெண்டு நோட் மட்டும் வீங்கி ஊளையிடும். ட்ரம்ஸ், பேஸ், சாக்ஸஃபோன் எல்லாம் இருக்கற பேண்ட்ல வாசிக்கப் போறீங்கன்னா சென்டர் பிளாக் உங்க பாதுகாப்பு. ரூம்ல தனியா, இல்ல ஒரு பாடகரோட மெதுவா வாசிக்கறவங்களுக்கு அந்த பாதுகாப்பே தேவையில்ல, ஹாலோவே வாங்கலாம். யாராவது என்கிட்ட "எந்த மாடல்"னு கேட்டா நான் முதல்ல கேக்கறது "எவ்ளோ சத்தத்துல வாசிப்பீங்க"ன்னுதான்.

இனி கடையில செய்ய வேண்டியது. மேல இருக்கற வடிவத்த நம்பாதீங்க. 1961ல வந்த எபிஃபோன் கசினோவ பாத்தா 335க்கு தம்பி மாதிரியே இருக்கும், ஆனா உள்ள பிளாக்கே கிடையாது, முழு ஹாலோ. கிப்சன்லயே ஈஎஸ்-330 அதே மாதிரிதான், கிராண்ட் கிரீன், எமிலி ரெம்லர் ரெண்டு பேரும் வாசிச்சது அது, ஒல்லி பாடிலயும் ஹாலோ சவுண்டு வேணும்னா அது நல்ல வழி, தெரிஞ்சு வாங்கினா சரி. ட்ரபீஸ் டெயில்பீஸ் (பாடியோட வால்ல மாட்டி ஸ்ட்ரிங்க பிடிக்கற சட்டம்) இருந்தா ஹாலோன்னும் முடிவு பண்ண முடியாது, 60கள் நடுவுலேர்ந்து 335க்கே அத மாட்டியிருக்காங்க. அதனால ஃபோன் டார்ச்ச போட்டு எஃப் ஹோல் வழியா நடுப்பக்கமா பாருங்க. மரச்சுவர் ஒண்ணு நீளமா ஓடினா செமி ஹாலோ, அந்தப் பக்க எஃப் ஹோல்லேர்ந்து வெளிச்சம் தெரிஞ்சா ஹாலோ. சிலதுல பிரிட்ஜுக்கு அடியில மட்டும் துண்டுக் கட்டை இருக்கும், அது ரெண்டுங்கெட்டான், கெட்டதில்ல, என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. பாக்க முடியலன்னா ரெண்டு பிக்கப்புக்கு நடுவுல விரல் முட்டியால தட்டுங்க, அப்புறம் எஃப் ஹோலுக்கு வெளிப்பக்கம் தட்டுங்க, நடுவுல கெட்டியாவும் வெளிப்பக்கம் கூடாவும் கேட்டா செமி ஹாலோ, ரெண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே சொல்லிடும்.

"ப்ளைவுட் பாடியாமே, ஏமாத்திட்டாங்க"ன்னு புலம்பறவங்களும் உண்டு. 335ம் சரி, 175ம் சரி, ரெண்டுமே லேமினேட் பலகைதான். லேமினேட் கொஞ்சம் விறைப்பா இருக்கறதால ஃபீட்பேக் குறையும், வெயில் மழைக்கு விரிசலும் சுலபமா விடாது. அதுக்காக வருத்தப்படவே வேணாம்.

ஸ்ட்ரிங் விஷயத்துக்கு வருவோம், ஏன்னா நான் பாக்கற புகார்ல நிறைய இங்கதான் தீருது. புதுசா வர்ற செமி ஹாலோல பெரும்பாலும் 10 கேஜ் (கேஜ்னா ஸ்ட்ரிங்கோட தடிமன்) ரவுண்ட்வூண்ட், அதாவது உருண்டைக் கம்பி சுத்தின ஸ்ட்ரிங் போட்டிருப்பாங்க, ராக் கேக்கறவருக்கும் ப்ளூஸ் கேக்கறவருக்கும் சேத்து விக்கணும்ல. ஜாஸுக்கு 11 இல்ல 12 கேஜ் ஃப்ளாட்வூண்ட் (தட்டைக் கம்பி சுத்தினது), மூணாவது ஸ்ட்ரிங்கும் சுத்தினதா இருக்கற செட் போட்டு, நெக் பிக்கப்ல வெச்சு, டோன பாதி வரைக்கும் குறைச்சுப் பாருங்க, "இதுவா அந்த கிட்டார்"னு கேப்பீங்க. ஆனா போட்டா மட்டும் போதாது. டென்ஷன் ஏறினதும் கழுத்து முன்னாடி வளையும், ட்ரஸ் ராட் (கழுத்துக்குள்ள இருக்கற கம்பி) திருப்பணும். கழுத்தோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற நட்ல இருக்கற பள்ளம் பழைய ஸ்ட்ரிங் அளவுக்கு வெட்டினது, தடி ஸ்ட்ரிங் அதுல சிக்கிக்கிட்டு ட்யூன் பண்ணும்போது 'டிக் டிக்'னு தாவும், ஃபைல் போட்டு அகலப்படுத்தணும். சுத்தின மூணாவது ஸ்ட்ரிங்குக்கு பிரிட்ஜ் சேடில் (பிரிட்ஜ்ல ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உக்கார்ற சின்னத் துண்டு) முன்னாடி நகரணும், சில பிரிட்ஜ்ல அதுக்கு இடம் பத்தாது, சேடில எடுத்து திருப்பிப் போட வேண்டி வரும். அதனால கிட்டாருக்குன்னு ஒதுக்கின பணத்துல ஒரு செட் ஸ்ட்ரிங்குக்கும் முழு செட்டப்புக்கும் எடுத்து வெச்சுட்டு மீதில கிட்டார் தேடுங்க. (அகூஸ்டிக் கிட்டாரோட பிரான்ஸ் ஸ்ட்ரிங்க மாட்டி "மரத்தோட சவுண்டு வரும்னு நெனச்சேன்"னு வர்றவங்களும் இருக்காங்க, மேக்னடிக் பிக்கப்புக்கு அந்த பிரான்ஸ் சுத்து சரியா தெரியாது, சுத்தின ஸ்ட்ரிங் எல்லாம் மங்கிப் போய் சுத்தாத மெல்லிசு ரெண்டு மட்டும் கத்தும்.)

இன்னொண்ணு, ஏற்கனவே உங்ககிட்ட நெக் பிக்கப் நல்லா இருக்கற சாலிட் பாடி ஒண்ணு இருந்தா முதல்ல அதுல ஃப்ளாட்வூண்ட் போட்டு வாசிச்சுப் பாருங்க. எட் பிக்கர்ட் டெலிகாஸ்டர வெச்சே எவ்ளோ இதமான ஜாஸ் வாசிச்சாரு. அப்புறமும் செமி ஹாலோ வேணும்னு தோணினா தாராளமா வாங்குங்க, அந்த ஆசைக்கு நான் குறுக்க நிக்கல.

யூஸ்டு கிட்டாரா இருந்தா பிரிட்ஜ் உயரத்த கண்டிப்பா பாருங்க. பிரிட்ஜ் முழுசா கீழ இறங்கி பாடிய தொட்டுக்கிட்டு இருக்கு, அப்பவும் 12வது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் ரொம்ப ஒசரமா நிக்குது, ட்ரஸ் ராடும் சரியா இருக்குன்னா, கழுத்து கோணமே போயிருக்குன்னு அர்த்தம். ஒட்டின கழுத்த கழட்டி திருப்பி ஒட்டறது பெரிய வேலை, அந்தச் செலவுக்கு வேற கிட்டார் பாத்துக்கலாம், விலை எவ்ளோ குறைவா சொன்னாலும் திரும்பிப் பாக்காம வந்துடுங்க. ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கற உயரம்) ஆறாவது ஸ்ட்ரிங்ல 2 மில்லிமீட்டர் பக்கம் இருந்தா ஜாஸுக்கு வசதி, ரொம்ப கீழ போனா ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல உரசலாம்.

சைஸ பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, 335 பாடி 16 இஞ்ச் அகலம், உக்காந்து வாசிக்கும்போது வலது தோள் தூக்கிக்கிட்டு நின்னா ஈஎஸ்-339 மாதிரி சின்ன பாடில பாருங்க. கடையில நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷம் வாசிச்சு முடிவு பண்ணாதீங்க. ஆம்ப் க்ளீனா வெச்சு, பேண்ட்ல வாசிக்கற அளவுக்கு ஒரு தடவையாவது சத்தத்த ஏத்திப் பாருங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும்.

கடைசியா வயரிங். சாலிட் பாடில பின்னாடி மூடிய கழட்டினா எல்லாம் கைக்கு வந்துடும், 335 மாதிரி கிட்டார் நிறையதுல அந்த மூடியே கிடையாது. ஒரு பாட் (வால்யூம், டோன் நாபுக்கு அடியில இருக்கற பாகம்) மாத்தணும்னா கூட ஒவ்வொண்ணா திருகு நட்ட கழட்டி, ஒவ்வொரு ஷாஃப்ட்லயும் நூல் கட்டி, மொத்த வயரிங்கையும் எஃப் ஹோல் வழியா மீன் பிடிக்கற மாதிரி வெளிய இழுத்து, வேலை முடிஞ்சதும் அதே நூல பிடிச்சு திரும்ப ஓட்டைக்கு கொண்டு வரணும். அதனால வாங்குறப்பவே நாலு நாபையும் முழுசா திருப்பிப் பாருங்க, கரகரன்னு சத்தம் வருதா, பிக்கப் ஸ்விட்ச் மூணு இடத்துலயும் சரியா விழுதா, கேபிள் சொருகற ஜாக் சுத்துதான்னு. ஜாக் நட் லூஸா இருக்கும்போது சொருகி சொருகி எடுத்தா உள்ள ஜாக்கும் சேர்ந்து சுத்தி வயர் முறுகி அறுந்துடும், நட் முழுசா கழண்டா ஜாக்கே உள்ள விழுந்துடும். லூஸா இருந்தா அங்கேயே டைட் பண்ணித் தரச் சொல்லுங்க, ஆனா ஸ்பேனர வெச்சு வெறும் நட்ட மட்டும் திருப்ப விடாதீங்க, உள்ள ஜாக் அசையாம பிடிச்சுக்கிட்டு திருப்பணும்.