கொள்ளா, சீரகமா? நூறு கிராம் கணக்கில் விழும் ஓட்டை

உணவுச் சத்து அட்டவணையை முதல்முறை புரட்டுகிறவர்களைச் சீரகம் அசர வைத்துவிடும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் சீரகத்தில் 66 மி.கி. இரும்பு இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய அட்டவணையில், 100 கிராம் கொள்ளுக்கு 9 மி.கி.க்கும் சற்றுக் குறைவு. கால்சியத்திலும் இதே கதைதான்: சீரகத்தில் ஏறக்குறைய 900 மி.கி., கொள்ளில் 270 மி.கி. அளவு. புரதத்தில் மட்டும் கொள்ளு முந்துகிறது. கொள்ளில் 22 கிராம், சீரகத்தில் 18 கிராம்.

இதைப் படித்துவிட்டு "ரத்தசோகைக்குக் கொள்ளைவிடச் சீரகமே மேல்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அட்டவணை பேசுவது 100 கிராமைப் பற்றி. நாம் சாப்பிடுவது தட்டில் விழுந்ததை.

வேலூர், திருப்பத்தூர் பக்கம் கொள்ளு எப்படிச் சமையலில் இறங்குகிறது என்று பாருங்கள். ஊறவைத்து, வேகவைத்து, மத்தால் கடைந்து, கேழ்வரகுக் களிக்குக் கடைசலாக. வேகவைத்த தண்ணீரில் ரசம். நாலு பேர் வீட்டில் ஒரு வேளைக்கு 150, 160 கிராம் கொள்ளு போடுவார்கள். ஆளுக்கு 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதே ரசத்துக்குச் சீரகம் ஒரு டீஸ்பூன், சுமார் 2 கிராம். ஆளுக்கு அரை கிராம்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடலாம். 40 கிராம் கொள்ளில் 3.5 மி.கி. இரும்பும் கிட்டத்தட்ட 9 கிராம் புரதமும் கிடைக்கின்றன. அரை கிராம் சீரகத்தில் கிடைக்கும் இரும்பு 0.33 மி.கி., அதுவும் அமெரிக்க எண்ணை எடுத்துக்கொண்டால். புரதம் 0.09 கிராம். இரும்பில் ஏழு மடங்கு முன்னால் நின்ற சீரகம், தட்டுக்கு வந்ததும் பத்து மடங்கு பின்னால் போய்விட்டது. கொள்ளு தரும் புரதத்தைச் சீரகத்திலிருந்தே பெற வேண்டுமானால் ஒருவர் ஒரு வேளைக்கு இருபது டீஸ்பூனுக்கு மேல் சீரகம் தின்ன வேண்டியிருக்கும்.

"அமெரிக்க எண்ணை எடுத்துக்கொண்டால்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்திய அட்டவணையில் சீரகத்தின் இரும்பு சுமார் 20 மி.கி.தான். ஒரே பொருளுக்கு 20 எங்கே, 66 எங்கே? விளைந்த மண், ரகம், சுத்தம் செய்த விதம் எல்லாமே எண்ணை மாற்றும். அதிலும் மண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீரகம் நீளவாக்கில் வரிவரியாக மேடுபள்ளம் உள்ள சிறு பொருள். களத்தில் உலர்த்தி, தட்டி, தூற்றும்போது அந்த வரிகளில் புழுதி ஒட்டிக்கொள்ளும். மண்ணில் இரும்பு ஏராளம். அரைக்கும் இயந்திரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். சோதனைக்கூடக் கருவிக்குச் செடியின் இரும்பும் புழுதியின் இரும்பும் ஒன்றுதான். குடலுக்கு அப்படியில்லை, மண்ணிலிருந்து ஒட்டிய இரும்பில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும். மசாலாப் பொருள்களுக்குப் போடப்படும் பெரிய இரும்பு எண்களை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

வேலூர் லாங் பஜாரில் கொள்ளும் சீரகமும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து மூட்டைகளில் இருக்கும். ஆனால் இரண்டும் வந்த வழி வேறு. சீரகத்துக்குப் பனிக்காலக் குளிரும் வறண்ட காற்றும் வேண்டும். குஜராத், ராஜஸ்தானில் விளைந்து, பெரும்பாலும் ஊஞ்ஜா சந்தை வழியாக நாடு முழுக்கப் போகிறது. கொள்ளு நம் கொல்லைகளில் விளையக்கூடியது. மானாவாரி நிலத்தில், மற்றப் பயிருக்கு ஈரம் போதாத இடத்தில்கூடத் தாக்குப்பிடிக்கும். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், உரமில்லாத மண்ணிலும் அது புரதத்தைச் சேர்த்துவைக்கிறது. பயறுகள் எல்லாவற்றிலும் புரதம் மிகுந்திருப்பதன் ரகசியம் இந்த முடிச்சுகள்தான்.

வெந்தயத்தை இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. வெந்தயச் செடி பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொள்ளுக்கும் துவரைக்கும் உறவு. புரதமும் 23 கிராமுக்குக் குறையாது. பின் ஏன் அதை மசாலா டப்பாவில் வைத்திருக்கிறோம்? கசப்பால்தான். இட்லி மாவுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் போனால் கசக்கும் பொருள் யாருக்கும் புரதம் தந்துவிட முடியாது. உணவுக் கணக்கில் பயறு எது, மசாலா எது என்பதைத் தீர்மானிப்பது தாவரக் குடும்பமோ சத்தோ இல்லை, நாக்கு தாங்கும் அளவு.

சரி, கொள்ளு தரும் அந்த 3.5 மி.கி. இரும்பாவது முழுதாக உடம்பில் சேருகிறதா? இல்லை. விஷயத்தின் கனமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

விதை என்பது அடுத்த செடிக்கான கட்டுச்சோறு. முளைக்கப்போகும் செடிக்கு வேண்டிய பாஸ்பரசை விதை ஃபைட்டிக் அமிலம் (ஃபைட்டேட்) என்ற வடிவில் சேமிக்கிறது. இந்த மூலக்கூறில் ஆறு பாஸ்பேட் கைகள். எதிர்மின்சுமை கொண்ட அந்தக் கைகள் இரும்பு, துத்தநாகம் போன்ற நேர்மின்சுமை உலோகங்களை இறுகப் பற்றிக்கொள்கின்றன. வயிற்று அமிலம் பிடியைத் தளர்த்தும். உணவு சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்து அமிலம் குறைந்ததும் பிடி மறுபடி இறுகும். ஆனால் இரும்பை உடல் உள்ளே வாங்குவது அந்த இடத்தில்தான். செடியிலிருந்து வரும் இரும்பு பெரும்பாலும் ஃபெர்ரிக் (மூன்று நேர்மின்சுமை கொண்ட) வடிவில் இருக்கும். குடல் செல்லின் வாயிலில் நிற்கும் கடத்திப் புரதம் ஃபெர்ரஸ் (இரண்டு நேர்மின்சுமை கொண்ட) வடிவத்தையே உள்ளே விடும். ஃபைட்டேட் பிடித்துவைத்ததும் வடிவம் மாறாததும் மலத்தோடு போகும்.

கேழ்வரகுக் களியோடு கொள்ளு சேரும்போது இந்தத் தடை கூடுகிறது. கேழ்வரகிலும் ஃபைட்டேட் உண்டு, துவர்ப்புச் சத்தான டேனினும் உண்டு, கால்சியமும் மிகுதி. மூன்றும் இரும்புக்குக் குறுக்கே நிற்பவை. அதற்காகக் களியைக் கைவிட வேண்டியதில்லை. புரதத்தைப் பொறுத்தவரை இது அருமையான சேர்க்கை. கொள்ளில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் குறைவு. கேழ்வரகில் நேர்மாறு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

இரும்புக்கு வழி ஊறவைப்பதும் முளைகட்டுவதும். முளைவிடத் தொடங்கிய விதை, தன் சேமிப்பை எடுத்துச் செலவிட ஃபைட்டேஸ் என்ற நொதியைச் சுரக்கும். அது ஃபைட்டிக் அமிலத்தின் பாஸ்பேட் கைகளை ஒவ்வொன்றாக வெட்டும், இரும்பு விடுபடும். உலர்ந்த கொள்ளில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி-யும் முளையில் உருவாகும். வைட்டமின் சி, ஃபெர்ரிக் இரும்பை ஃபெர்ரஸாக மாற்றுவதோடு அதைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கவும் செய்கிறது. கொதிக்கும்போது வைட்டமின் சி சிதைவதால், அது நிறைந்த எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவதே சரி. பச்சை நெல்லிக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இவ்வளவு பாட்டையும் கெடுக்கும். டீயின் டேனின்கள் இரும்பைக் கட்டிப்போடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம்.

கொள்ளு சாப்பிட்டால் வாயு என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஊறவைப்பதே மருந்து. கொள்ளிலுள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அவை பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களிடம் நொதித்து வாயுவாகின்றன. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் ஒரு பங்கு குறையும். நன்றாக வேகவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் பச்சைக் கொள்ளில் இருக்கின்றன. வெப்பத்தில்தான் அவை பெரும்பாலும் செயலிழக்கும்.

அப்படியானால் சீரகம் வீணா? இல்லவே இல்லை. சத்துக்காக அதை மதிப்பிடுவதுதான் தவறு. அதன் பலம் எண்ணெயில், குறிப்பாக அந்த வாசனையைத் தரும் குமினால்டிஹைடில் இருக்கிறது. சீரகம் உள்ளிட்ட பல மசாலாப் பொருள்கள் பித்தநீரையும் கணைய நொதிகளையும் தூண்டுவதை மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எலிகளில் கண்டிருக்கிறது. தானியம், பயறுகளிலுள்ள இரும்பும் துத்தநாகமும் எளிதில் விடுபடப் பூண்டும் வெங்காயமும் உதவுவதையும் சோதனைக்கூடத்தில் காட்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. கொள்ளுக்குத் துவர்ப்பும் மண்வாடையும் கலந்த சுவை. சீரகமும் பூண்டும் மிளகாயும் சேர்ந்தால்தான் குழந்தைகள்கூட இன்னொரு கரண்டி கேட்பார்கள். அந்த இன்னொரு கரண்டியில் வரும் சத்து, சீரகத்தின் அட்டவணை எண்ணில் ஏறாத அதன் கொடை.

உள்ளே போவது வேறு, உடலில் சேர்வது வேறு என்பதை, வேலூர் அன்று அடங்கியிருந்த வட ஆற்காடு மாவட்டம் கடுமையாகவே அனுபவித்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இங்குள்ள கிராமங்களில் டிராபிகல் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. சிறுகுடலின் உறிஞ்சும் விரல்போன்ற நீட்சிகள் தேய்ந்துபோய், தீராத வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, ரத்தசோகை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பேக்கர், மாத்தன் ஆகியோர் அதைக் கிராமங்களிலேயே ஆராய்ந்தார்கள். உறிஞ்சும் சுவர் பழுதான பிறகு நல்ல உணவும் பாதிதான் பயன்படும். இன்றும் கொக்கிப்புழு உள்ள உடம்பில், கொள்ளு கொண்டுவரும் இரும்பு குடல் வழியே கசியும் ரத்தத்தோடு போய்விடும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ஒரு வேளைக் கொள்ளு அதில் எட்டில் ஒரு பங்கு. கீரை, கம்பு, மற்றப் பயறுகள், முடிந்தால் மீன், கறி எல்லாம் சேர்ந்துதான் மிச்சத்தை நிரப்ப வேண்டும். ரத்தசோகை கண்டவர்களுக்கு மாத்திரை அவசியம். சீரகத் தண்ணீர் அதற்கு மாற்று ஆகாது.

ரத்தம் ஊறத் தேவையான இன்னொன்று வைட்டமின் பி12. அது கொள்ளிலும் இல்லை, சீரகத்திலும் இல்லை. தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகள் வெளிறிப்போய், கற்ற அசைவுகளையும் மறந்து, நடுக்கத்தோடு சி.எம்.சி.க்கு வந்ததையும், பி12 கொடுத்ததும் தேறியதையும் வேலூர் மருத்துவர்கள் 1962-இல் பதிவு செய்தார்கள். அந்தத் தாய்மார்களின் உடலிலேயே பி12 குறைவாக இருந்தது. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கொள்ளுக் கடைசலோடு ஒரு முட்டையோ, அது ஆகாத வீட்டில் பாலும் தயிரும் தினமுமோ இருந்தாக வேண்டும்.