‘தானத்துக்குத்தானே, இது போதும்’ என்று கொண்டுவரப்படும் குயில்ட்டுகள்

குயில்ட் என்பது மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைத்த போர்வை. துண்டுத்துணிகளை இணைத்து மேல்துணியை மட்டும் தைத்துக் கொண்டுவருபவர்களுக்கு, அதனுடன் நடுப்பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்து, லாங் ஆர்ம் எனப்படும், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் நகர்ந்து தைக்கும் பெரிய இயந்திரத்தில் தையல் ஓட்டி, ஓரம் கட்டி முடித்துக் கொடுப்பது என் தொழில். தங்கள் வீட்டுக்கென்று கொண்டுவருபவர்களும் உண்டு. மருத்துவமனைக்கும் காப்பகத்துக்கும் கொடுப்பதற்கென்று கொண்டுவருபவர்களும் உண்டு. அண்மையில் வந்த தான மூட்டை ஒன்றைப் பிரித்த பிறகு இதை எழுதாமலிருக்க முடியவில்லை. கையால் இழுத்தாலே இற்றுப்போகும் பழந்துணி, விரல் பட்டதும் வாய் பிளக்கும் தையல், எதிலிருந்தோ உருவிய கட்டி கட்டியான பஞ்சு ஆகியவற்றின் மேல் ஒரு சீட்டு இருந்தது: ‘தானத்துக்குத்தான், எப்படியாவது முடித்துவிடுங்கள்.’

இந்தத் ‘தானத்துக்குத்தான்’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. வீட்டுக்கென்று தைத்த குயில்ட்டை, அதைத் தைத்தவரே குளிர்ந்த நீரில் மென்மையாக அலசி நிழலில் உலர்த்துவார். ஒரு தையல் விட்டாலும் உடனே ஊசியை எடுப்பார், அல்லது என்னிடம் கொண்டுவருவார். தானமாகப் போன குயில்ட்டுக்கு அந்தப் பராமரிப்பு கிடைக்கும் என்று நம்ப முடியாது. அது படுக்கை விரிப்புகளோடு சேர்ந்து வெந்நீரில் சுழலும், சூடான உலர்த்தியில் புரளும், குழந்தை அதைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும். ஓரிடத்தில் தையல் திறந்தால் பஞ்சு வெளியே வரும். அடுத்த சலவையில் அந்தத் துளை கையகலமாகும். அதற்கடுத்து அது குப்பைக்குப் போகும். பெற்றுக்கொண்டவர் உங்களைத் தேடிவந்து புகார் சொல்ல மாட்டார் என்பதனாலேயே, நீங்கள் கொடுத்தது எத்தனை நாள் உழைத்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகிறது. இரண்டில் எது உறுதியாக இருக்க வேண்டும் என்று கேட்டால், தானத்துக்குப் போவதுதான் என்றே சொல்வேன். அழகில் குறை இருக்கலாம். நிறங்கள் பொருந்தாமல் இருக்கலாம், முனைகள் சந்திக்காமல் இருக்கலாம், பூவும் இறகும் போடாமல் எளிய சுருள் தையலோடு நிறுத்திக்கொள்ளலாம்; அவற்றால் போர்த்திக்கொள்பவருக்கு எந்தக் குளிரும் கூடிவிடாது. துணியும் தையலும் மட்டும் தளர்ந்திருக்கக் கூடாது.

ஆகவே, தைக்கத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு துணியையும் இரு கைகளாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கிழிந்தால் அதற்கு அங்கே இடமில்லை. நூலையும் அப்படியே சோதியுங்கள், ஏனெனில் பல காலம் பெட்டியில் கிடந்த நூல் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். இணைப்புத் தையலுக்குக் கால் அங்குலம் விடுங்கள். அதைவிடக் குறைந்தால், இயந்திரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டும்போதே அது பிரிந்துவிடுகிறது. நடுப்பஞ்சின் உறையில், தையல் வரிசைகளுக்கிடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். சில பஞ்சுக்கு அது 3, 4 அங்குலம், சிலவற்றுக்கு 8 அல்லது 10 அங்குலம். உறையைத் தூக்கி எறிந்துவிட்டு ‘ஏதோ ஒரு பஞ்சு’ என்று கொண்டுவந்தால், நெருக்கித் தைப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. மிஞ்சிய பஞ்சுத் துண்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து, அகலமான ஜிக்ஜாக் தையல் போட்டால் போதும்.

வாடிக்கையாளர்களிடம் நான் ஓயாமல் சண்டையிடும் ஒரு விஷயம் தான மூட்டைகளிலும் தவறாமல் வருகிறது. அது மேல்துணியைச் சுற்றிலும் சட்டம்போல் இணைக்கும் ஓரப்பட்டியின் நெளிவு. ‘தையல் ஓட்டும்போது சரியாகிவிடும்’ என்கிறார்கள். சரியாகாது. நீளமான பட்டியை விளிம்பில் வைத்துத் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் நறுக்கிவிடுவதால்தான் அந்த நெளிவு வருகிறது. விளிம்பு எளிதில் இழுபடும். நடுப்பகுதி அவ்வளவு இழுபடாது. எனவே குயில்ட்டின் நடுவில் ஓரிரு இடங்களில் அளந்து, அந்த அளவுக்கே பட்டியை வெட்டி, குண்டூசியால் சமமாகப் பிடித்துக்கொண்டு தைக்க வேண்டும். 2 அங்குலம் கூடுதலாக இருக்கும் துணியை என் இயந்திரம் விழுங்கிவிடாது. அதைக் கொசுவமாக மடித்துத் தைக்கும், அவ்வளவுதான்.

அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். 60க்கு 80 அங்குல மேல்துணிக்கு 68க்கு 88. மேலும் கீழும் உருளையில் பொருத்தவும், பக்கங்களில் கிளிப் மாட்டவும் அந்த இடம் வேண்டும். வெளிர்நிறத் துணிக்குப் பின்னால் தொங்கும் கறுப்பு நூல்களையும் தயவுசெய்து வெட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள். அவற்றை வேட்டையாடுவது நான் ஒப்புக்கொண்ட வேலையில் சேராது.

முதலில் தேய்வது ஓரம்தான். அதனால் தானக் குயில்ட்டின் வெளிவிளிம்பை மூட 2½ அங்குலப் பட்டியை இரட்டையாக மடித்து, இருபுறமும் இயந்திரத்திலேயே தைத்துவிடுகிறேன். கைத்தையல் ஓரம் பார்க்க அழகுதான், ஆனால் அதை வெந்நீர்ச் சலவைக்கு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. நேரான விளிம்புக்குக் கிராஸ் துணி, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய துணி, தேவையில்லை, வளைந்த விளிம்புக்கு அது கட்டாயம் வேண்டும்.

குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் பொத்தான், மணி, ரிப்பன், கம்பளி நூல் முடிச்சு எதையும் வைக்காதீர்கள். பிய்ந்தால் அது நேராக வாய்க்குத்தான் போகும். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதால், அந்த வயதுக்குரிய குயில்ட், குழந்தை விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாடுவதற்கு மட்டுமே என்று ஒரு சீட்டில் எழுதி இணையுங்கள். முடித்த குயில்ட்டை உள்ளங்கையால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பாருங்கள், பிறகு ஒரு காந்தத்தையும் மேலே ஓட்டுங்கள். உள்ளே சிக்கிய குண்டூசியைக் கண் காட்டிக் கொடுக்காது.

கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். சிவப்பு, கருநீலத் துணிகள் இருந்தால் நீரில் கரையும் சாயத்தை ஈர்த்துக்கொள்ளும் தாளையும் உடன் போடுங்கள், சாயம் போவது உங்கள் வீட்டிலேயே தெரியட்டும். வாசனைப் பொடி வேண்டாம். சிகரெட் நாற்றமும் வளர்ப்புப் பிராணிகளின் ரோமமும் நோயாளியின் படுக்கைக்குப் போகக் கூடாது. எந்த அளவு, என்ன துணி, எப்படித் துவைத்தது என்று ஏற்றுக்கொள்ளும் நிறுவனத்துக்கு அதற்கென விதிகள் இருக்கலாம். அதைத் தைத்து முடித்த பிறகு கேட்காமல், துணி வெட்டும் முன்பே கேளுங்கள்.

மேல்துணி சரியாக வந்திருக்கிறதா என்ற ஐயம் இருந்தால் அதை மட்டும் முன்கூட்டியே என்னிடம் கொண்டுவாருங்கள். எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும், எந்தத் துண்டை மாற்ற வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் குறித்துத் தருகிறேன். ஓரப்பட்டியைப் பிரித்து மறுபடி வைக்க ஒரு மாலைப்பொழுது போதும். மூன்று அடுக்கும் சேர்ந்து தைக்கப்பட்ட பிறகு அதைப் பிரிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வராதீர்கள்.