மினியேச்சர்: சிவப்பில் பிறந்த சொல்

மினியேச்சர் என்றதும் கண்முன் வருவது சின்னதாகச் செய்த ஒரு பொருள்தான். விரல் நுனியில் நிற்கும் நாற்காலி, தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் புத்தக அலமாரி, அந்த மாதிரி. சொல்லுக்குள்ளேயே ‘மினி’ வேறு இருக்கிறதா, மினி என்றால் சின்னது, அதிலிருந்து வந்ததுதான் மினியேச்சர் என்று யோசிக்காமலே ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் அளவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது ஒரு நிறத்திலிருந்து வந்தது. சிவப்பு.

லத்தீன் மொழியில் ‘மினியம்’ என்று ஒரு சொல் உண்டு. முதலில் அது சாதிலிங்கத்தைக் குறித்தது, அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த செந்நிறத் தாது. பிறகு ஈயத்தை வறுத்து எடுக்கும் ஆரஞ்சுச் சிவப்புப் பொடிக்கு, நாம் ஈயச் சிந்தூரம் என்போமே அதற்கு, அந்தப் பெயர் நிலைத்தது. அச்சு வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் தோலில் எழுதிய சுவடிகளை நினைத்துப் பாருங்கள். எழுதுகிறவர் கறுப்பு மையில் எழுதிக்கொண்டே போவார், தலைப்புக்கும் முதலெழுத்துக்கும் இடம் விட்டுவிடுவார், அப்புறம் அந்த வெற்றிடங்களை ஒருவர் சிவப்பால் நிரப்புவார். இந்தச் சிவப்பு தீட்டும் வேலைக்குத்தான் ‘மினியாரே’ என்று பெயர். அதிலிருந்து இத்தாலிய மொழியில் ‘மினியாதூரா’ வந்தது: சுவடியில் வண்ணம் தீட்டுதல், படம் வரைதல்.

சரி, சின்னது என்ற பொருள் எப்படி ஒட்டிக்கொண்டது? ஏட்டின் ஓரத்திலும் முதலெழுத்தின் வளைவுக்குள்ளும் வரைந்த அந்தப் படங்கள் இயல்பாகவே சின்னவை. லத்தீனில் சிறியதைக் குறிக்கும் மினோர், மினிமுஸ் என்ற சொற்களும் காதுக்கு இதே போலக் கேட்கும். கண்ணும் காதும் சேர்ந்து சாட்சி சொன்னால் மக்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு மறந்துபோய், சிறுமை மட்டும் தங்கிவிட்டது. நம்மிடமும் இந்த ஆபத்து உண்டு. ‘சிறு’வையும் ‘சிற்ப’த்தையும் பக்கத்தில் வைத்தால் உறவு மாதிரித்தான் தோன்றும், ஆனால் சிற்பம் ‘சில்ப’ என்ற வடசொல்லின் வழி வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்று ஆங்கிலத்தில் எதற்கு முன்னாலும் ஒட்டவைக்கும் அந்த ‘மினி’ இருக்கிறதே, அதுவே மினியேச்சரை வெட்டிச் சுருக்கியதில் பிறந்ததுதான். 1959-இல் பிரிட்டனில் மினி கார் வந்தது, 1960-களில் குட்டைப் பாவாடைக்கு அந்தப் பெயர் ஏறியது, அதன்பின் அது உலகமெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மினி பஸ் என்று சொல்லும்போதெல்லாம் சுவடி எழுதிய காலத்துச் சிவப்புப் பொடியின் பெயரைத்தான் நாம் சொல்கிறோம்.

இப்போது தமிழுக்கு வருவோம். இந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல் தேடுவதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. மூன்றையும் பிரித்துவிட்டால் தமிழில் தட்டுப்பாடே இல்லை.

முதலாவது, சுவடியில் வரைந்த படம். முகலாய, ராஜபுத்திர ஓவியங்களையும் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். தமிழில் பலரும் இதைச் சிற்றோவியம் என்று எழுதுகிறார்கள், அங்கேதான் சிக்கல். அக்பர் காலத்தில் தீட்டிய ஹம்சாநாமா என்ற கதைச் சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,400 ஓவியங்கள், துணியில் வரைந்தவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 68 செ.மீ. உயரம், 52 செ.மீ. அகலம். கையை விரித்துப் பிடிக்கவேண்டிய படத்தைச் சிற்றோவியம் என்று எப்படிச் சொல்வது? ஏட்டோடு சேர்ந்தது என்பதுதான் இவற்றின் அடையாளம், அளவு இல்லை. ஆகவே சுவடி ஓவியம் என்பதே சரி, சொல்லின் மூலப்பொருளுக்கும் அதுதான் நெருக்கம்.

இரண்டாவது, உள்ளங்கையில் அடங்கும் முகப்படம். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிக்கலஸ் ஹில்லியார்டு போன்றவர்கள் மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டின் அட்டை மேல் ஒட்டி அதில் வரைந்தார்கள்; வாங்கியவர்கள் பதக்கம் போலக் கழுத்தில் அணிந்தார்கள். சிற்றோவியம் என்ற சொல்லை இவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், கச்சிதமாகப் பொருந்தும்.

மூன்றாவதுதான் சிற்றுரு. பெரிய பொருள் ஒன்றின் வடிவத்தை, விகிதம் மாறாமல், சிறிதாகச் செய்தது. சிறு என்பதோடு உயிரெழுத்தில் தொடங்கும் சொல் சேர்ந்தால் றகர ஒற்று இரட்டிக்கும், இலக்கணத்தில் தன்னொற்று இரட்டல் என்பார்கள்: சிற்றூர், சிற்றாறு, சிற்றுண்டி, மினி பஸ்ஸுக்கு வந்த சிற்றுந்து. அதே வழியில் சிறு + உரு, சிற்றுரு.

நுண்ணுரு என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்கலாம். நுண் என்றால் வெறுங்கண்ணுக்கு எட்டாதது என்ற எண்ணம் வந்துவிடுகிறது; நுண்ணுயிர், நுண்ணோக்கி எல்லாம் அப்படி. குறுவடிவம் என்பதிலும் எனக்கு நிறைவில்லை. குறுவுக்கு எதிர் நெடு, சிறுவுக்கு எதிர் பெரு. குறுநாவல், குறும்படம் என்பவை நீளம் குறைந்தவை, வடிவம் சுருங்கியவை அல்ல. மாதிரி என்பதோ இனிமேல் கட்டப்போகும் ஒன்றுக்கு முன்னோட்டம். சிற்றுரு எதற்கும் முன்னோட்டம் கிடையாது, அதுவே முழுமையான பொருள்.

சிற்றுரு அருங்காட்சியகங்கள் உலகில் பல உண்டு. அமெரிக்காவில் டூசான் நகரில் 2009-இல் திறந்த மினி டைம் மெஷின் இதற்கென்றே இருப்பது. சிகாகோ கலைக் கழக அருங்காட்சியகத்தில் தோர்ன் அறைகள் என்று 68 சிற்றுரு அறைகள் இருக்கின்றன, 1930-களில் செய்யத் தொடங்கியவை. இந்த மாதிரி அறைகளை ‘ரூம் பாக்ஸ்’ என்பார்கள், அறைப்பெட்டி என்றால் போதும். மற்ற அருங்காட்சியகச் சொற்களுக்கும் தமிழ் இருக்கிறது: எக்ஸிபிட் என்பது காட்சிப்பொருள், எப்போதும் வைத்திருப்பது நிலைக்காட்சி, சில மாதம் வைத்து எடுப்பது தற்காலிகக் காட்சி. சிற்றுரு செய்யக் கற்றுத்தரும் ஒர்க் ஷாப்புக்குப் பட்டறை அருமையான சொல்; கையால் வேலை செய்யும் இடம் என்ற வாசனை அதில் இருக்கிறது, இங்கே நடப்பதும் அதுதான்.

பட்டறையில் முதலில் கற்றுத்தருவது அளவு விகிதம். அதிகம் புழங்குவது 1:12, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். 90 செ.மீ. நாற்காலி 7.5 செ.மீ. ஆகிவிடும், அது கணக்கு, சுலபம். புத்தகம் செய்யும்போதுதான் தெரியும் கஷ்டம். 150 தாள் கொண்ட சாதாரணப் புத்தகம் ஒன்றரை செ.மீ. கனம் என்று வையுங்கள். 1:12-இல் அது 1.25 மி.மீ. அதே தாளைப் பயன்படுத்தினால் 12 தாளுக்கு மேல் உள்ளே போகாது. தாளின் கனம் நமக்காகச் சுருங்காதே! துணியும் அப்படித்தான், சின்ன சன்னலில் மாட்டிய திரை அட்டை போல விறைத்து நிற்கும். அதனால் மெல்லிய பட்டுத்துணியை ஈரப்படுத்தி, மடிப்பு மடிப்பாக ஊசி குத்தி, அப்படியே காயவிட்டு எடுப்பார்கள். அந்தத் திரை இயல்பாகத் தொங்குவதைப் பார்க்கும்போது, உருவைச் சுருக்குவது வேறு, பார்க்கிற கண்ணை நம்பவைப்பது வேறு என்று புரியும்.

வேறொரு வகை வகுப்பும் உண்டு. 1940-களில் ஃபிரான்செஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி, மரணம் நிகழ்ந்த அறைகளை 1:12 சிற்றுருக்களாகச் செய்து, அவற்றை வைத்தே காவல்துறையினருக்குத் தடயம் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்.

கடைசியாக, டால்ஸ் ஹவுஸ். பொம்மை வீடு என்று சொல்லிவிட்டுப் போகிறோம், ஆனால் அருங்காட்சியகத்தில் இருக்கும் பலவும் குழந்தைகள் விளையாட வைத்திருந்தவை இல்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணியின் வீடு 1686 முதல் 1710 வரை உருவானது, கால்வாய்க் கரையில் நிஜ வீடு வாங்கும் அளவு பணம் அதில் போயிற்று. புதுதில்லியைத் திட்டமிட்ட லட்யன்ஸ் 1920-களில் பிரிட்டன் அரசி மேரிக்காக வடிவமைத்த வீட்டில் மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும், மின்தூக்கி ஓடும்.

இதற்குத் தமிழில் புதுச்சொல் தேவையே இல்லை. சிற்றில் இருக்கிறது. சிறு + இல். சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் வீட்டுக்கு நம் பழம்பாட்டுகள் வைத்த பெயர். பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் என்று தனிப் பருவமே உண்டு. மணல்வீடு கலைக்கத்தான் கட்டப்படுகிறது, கண்ணாடிக்குள் இருப்பது நூற்றாண்டுக்கணக்கில் நிற்கிறது என்ற வேறுபாடு உண்மைதான். ஆனாலும் பெரிய வீட்டின் வாழ்க்கையைச் சின்ன அளவில் கையால் கட்டிப் பார்க்கும் ஆசை இரண்டிலும் ஒன்றுதானே. சில 1:12 வீடுகளில் குழந்தைகள் அறை இருக்கும், அந்த அறையில் குழந்தைக்கென்று ஒரு பொம்மை வீடும் இருக்கும், 1:144 அளவில், ஏறத்தாழ அரிசி நீளமே உயரமுள்ள நாற்காலிகளோடு. அதன் பெயர்ப்பலகையில் எழுத எனக்குப் பிடித்த வரி இது: சிற்றிலுக்குள் சிற்றில்.